ஆறாம் வகுப்பு ஆங்கிலம்: பாடத்தை வாசித்த பிறகு பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: கடலோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோர நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஆறாம் வகுப்பில் 31 பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தந்தையோ மாமாவோ கடல் தொழிலுக்குப் போகிறவர்கள்.

முதல் பருவத்தில் கடலாமைகளைப் பற்றிய உரைநடைப் பாடம் இருப்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பிய சில நாட்களிலேயே அந்தப் பாடத்தைத் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறு அமையாது என்பதால் இம்முறை வகுப்பு நிச்சயம் வாய் திறக்கும் என்று நம்பினேன்.

வழக்கம்போல முதலில் நான் ஒருமுறை வாசித்தேன். பிறகு வரிசைப்படி ஒவ்வொருவராக எழுந்து ஆளுக்கு நான்கு வரி வாசித்தார்கள். கடினமான சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னேன். அதன் பின் ஆமை எங்கே முட்டையிடுகிறது, எத்தனை முட்டையிடுகிறது, குஞ்சுகள் எப்போது வெளிவருகின்றன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முன்வரிசையில் வழக்கமாகக் கை தூக்கும் மூன்று பேர் புத்தகத்து வரியைத் தேடிப் பிடித்து அப்படியே வாசித்தார்கள். மற்றவர்கள் தலை குனிந்திருந்தார்கள். மறுநாள் ஆறு குழுக்களாகப் பிரித்து, பாடத்தைப் பற்றிக் கலந்துரையாடி எழுதுங்கள் என்று சொன்னேன். குழுவுக்கு ஒருவர் எழுத, மற்றவர்கள் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே எழுதத் தூண்டியது அதற்குப் பிறகு நடந்ததுதான். மதிய உணவு வரிசையில், வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத மாணவன் ஒருவன் தன் நண்பனிடம், "எங்கப்பா வலையில ஆமை மாட்டுனா வலையை அறுத்து ஆமையை விட்டுருவாரு, எங்க சித்தப்பாதான் வலை போச்சேன்னு சண்டை போடுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட நண்பன், வலையை அறுக்காமலே ஆமையை எடுக்க முடியும் என்று வாதிட்டான். தட்டில் சோறு விழும்வரை அந்த வாதம் ஓயவில்லை. நான் இரண்டு நாட்களாக எதிர்பார்த்துக் காத்திருந்த கலந்துரையாடல் என் பாடவேளைக்கு வெளியே, தமிழில், எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பேச்சை 40 நிமிட ஆங்கிலப் பாடவேளைக்குள் கொண்டுவர என்ன வழி? இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். இந்த 31 பேரில் ஏழு பேரால் ஆங்கிலத்தில் ஒரு வரியையும் தடையின்றி வாசிக்க முடிவதில்லை. அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

பதில் 1: ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

அன்புள்ள டீச்சருக்கு, உணவு வரிசையில் காதில் விழுந்ததை நீங்கள் பொருட்படுத்தி எழுதியதே எனக்கு நிறைவாக இருக்கிறது. நான் வட்டார வளமையத்தில் பணியாற்றிய காலத்தில் நூற்றுக்கணக்கான ஆங்கில வகுப்புகளின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பேசாததற்கு ஆங்கிலம் தெரியாததே காரணம் என்று ஏறக்குறைய எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி கேள்வியில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. ஆசிரியருக்கும் அந்த விடை தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அப்படிப்பட்ட கேள்வி வரும்போது சரியான வரியைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேலை. அதை முன்வரிசை மூவர் முடித்துவிட்டால் மற்ற இருபத்தெட்டுப் பேருக்குச் செய்ய எதுவும் மிஞ்சுவதில்லை. வரியைத் தேடும் கேள்விகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாசிப்பின் தொடக்கத்தில் அவை தேவைப்படும். ஆனால் கலந்துரையாடலுக்கு, இரண்டு பக்கமும் நியாயம் உள்ள ஒரு கேள்வி வேண்டும். அதற்கு விடை தேடும்போது பிள்ளை பாடத்துக்குள் திரும்பப் போய்ச் சான்று எடுத்துவர வேண்டும்.

உங்கள் பாடத்திலேயே அத்தகைய கேள்வி இருக்கிறது. நம் கரையில் பங்குனி ஆமை என்று சொல்லப்படும் சிற்றாமைகள் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இரவில் கரையேறி, ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. நாய்களும் நரிகளும் அவற்றைத் தோண்டித் தின்கின்றன. தப்பிப் பிழைத்து வெளிவரும் குஞ்சுகள் கடற்கரைச் சாலையின் விளக்கொளியைக் கண்டு திசைமாறிப் போகின்றன. அதனால் சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்து இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து வருகிறார்கள். மறுபுறம், குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் கூடும். இடம் மாற்றும்போது அந்தக் கணக்கும் மாறக்கூடும். இப்போது கேளுங்கள்: முட்டைகளை எடுத்துச் செல்ல வேண்டுமா, தாய் இட்ட இடத்திலேயே விட வேண்டுமா? இதற்கு விடை எந்த உரைநூலிலும் கிடைக்காது.

கேட்ட பிறகு காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று நொடிக்குமேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, விடை சொல்லாமல் நிற்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அந்தப் பிள்ளைகள் தம் தாய்மொழியில் படித்தவர்கள். அந்நிய மொழியில் சொல்லைத் தேட வேண்டிய நம் பிள்ளைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். மேசைக்கு அடியில் விரல்விட்டு ஏழு வரை எண்ணுங்கள். அந்த அமைதி முதல் சில நாட்கள் உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும்.

அதன் பிறகும் உடனே முழு வகுப்பையும் நோக்கிக் கேட்க வேண்டாம். முதலில் ஒவ்வொருவரும் தனியாக யோசித்து நோட்டில் ஒரு சொல்லோ ஒரு படமோ போடட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், கடைசியில் வகுப்புக்குச் சொல்லட்டும். 1981இல் ஃபிராங்க் லைமன் எழுதி அறிமுகப்படுத்திய முறை இது. எந்தக் கருவியும் செலவும் வேண்டாத முறை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது தமிழில் பேசட்டும். கருத்து முதலில் உருவாகட்டும். வகுப்புக்குச் சொல்ல எழும்போது ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் போதும். ஆறு பேர் கொண்ட குழுவில் நான்கு பேர் ஒளிந்துகொள்ளலாம், இருவர் கொண்ட இணையில் ஒளிய இடமில்லை.

பதில் 2: மலையடிவாரம்

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். தருமபுரி மாவட்டத்தில் மலையை ஒட்டிய பள்ளி எங்களுடையது. நீங்கள் ஏழு பேர் என்று எழுதியது எங்கள் வகுப்பில் பன்னிரண்டு பேர்.

முதலில், வரிசைப்படி எழுந்து ஆளுக்கு நான்கு வரி வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிடுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். நானும் பத்தாண்டுகள் அதைச் செய்தவன். ஒரு நாள் அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது: தன் முறை வருமுன் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு விழப்போகும் வரிகளை எண்ணி, அவற்றை மட்டும் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, தன் முறை முடிந்ததும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட்டது. முழுப் பாடத்தையும் வாசித்தவர் எவரும் இல்லை. தடுமாறும் பிள்ளைக்கோ அது நாற்பது பேர் முன்னிலையில் நிகழும் அவமானம். ஒரு மாணவி தன் முறை நெருங்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பாள். அதன் காரணம் எனக்கு மிகத் தாமதமாகவே விளங்கியது.

இதற்கு மாற்றாக நான் செய்வது இதுதான். பாடத்தை மூன்று அல்லது நான்கு சிறு பகுதிகளாகப் பிரிக்கிறேன். ஒரு பகுதியை நான் உணர்ச்சியோடு வாசிக்கிறேன். பிள்ளைகள் வரிகளின்மேல் விரல் வைத்துத் தொடர்கிறார்கள். அதே பகுதியை வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து வாசிக்கிறது. சேர்ந்து வாசிக்கும்போது தவறுகிறவரின் குரல் தனியே கேட்பதில்லை. மூன்றாவதாக, இருவர் இருவராக ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் வாசித்துக்காட்டுகிறார்கள். நல்ல வாசகரையும் தடுமாறுபவரையும் இணைப்பேன், ஆனால் இடைவெளி மிகப் பெரிதாக இல்லாமல் பார்த்துக்கொள்வேன். இல்லையென்றால் ஒருவர் ஆசிரியராகி, மற்றவர் அடங்கிவிடுவார்.

காஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல், வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது என்று விளக்கினார்கள். கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆகவே அந்த ஏழு பேருக்கு எழுத்தொலிப் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடம் தனியே தந்தே ஆக வேண்டும், கலந்துரையாடல் அதற்கு ஈடாகாது. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்ட பிறகு பேசட்டும் என்று அவர்களைக் காத்திருக்க வைக்கவும் கூடாது. நீங்கள் வாசிப்பதைக் கேட்டால் அவர்களால் யோசிக்க முடியும், கருத்துச் சொல்ல முடியும். ஆமை வலையில் சிக்குவதைப் பற்றி அந்த ஏழு பேருக்குத் தெரிந்த அளவு பாடநூலுக்குத் தெரியுமா என்ன? அவர்களை மெல்லக் கற்போர் என்ற ஒரே பெட்டிக்குள் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்களுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் இன்னும் கைகூடவில்லை.

பதில் 3: இருமொழி

மேலே உள்ள இருவரும் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழில் பேசட்டும் என்ற ஆலோசனையை ஒரு நிபந்தனையோடுதான் ஏற்க முடியும். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஓராண்டு முழுவதும் அப்படிச் செய்தோம். கலந்துரையாடல் மிகச் சிறப்பாக நடந்தது. பிள்ளைகள் கூர்மையாக வாதிட்டார்கள். ஆண்டு முடிவில் பார்த்தபோது, முதல் மாதத்தில் எத்தனை ஆங்கில வாக்கியங்கள் அவர்கள் வாயில் வந்தனவோ ஏறக்குறைய அத்தனையே பத்தாம் மாதத்திலும் வந்தன. ஆங்கிலத்துக்கு வாரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கிறது, வீட்டிலும் தெருவிலும் அந்த மொழி அவர்கள் காதில் விழுவதில்லை. அந்த நேரத்தையும் தமிழே எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு இழப்புதான்.

நாங்கள் பிறகு செய்த மாற்றம் இது. தமிழில் யோசிக்கலாம், ஆனால் ஆங்கிலத்துக்கு மாறும் இடத்தை முன்கூட்டியே கட்டித்தர வேண்டும். சுவரில் ஓர் அட்டையில் நான்கு தொடக்கங்களை மட்டும் எழுதி ஒட்டினோம்: "ஐ திங்க்", "பிகாஸ்", "ஐ டோன்ட் அக்ரீ", "தி புக் செய்ஸ்". வகுப்பின் முன் எழுந்து பேசுகிறவர் இவற்றில் ஒன்றைக் கொண்டு தொடங்க வேண்டும். அன்றைய கேள்விக்குத் தேவையான ஐந்தாறு சொற்களை வாசிப்புக்கு முன்பே வாயால் பழக்கிவிட்டோம். சொல் கையில் இருக்கும்போது பிள்ளை துணிந்து ஆங்கிலத்துக்கு வருகிறது. முதல் வாரம் "ஐ திங்க்" என்பதற்குப் பின் தமிழே வந்தது. அதையும் ஏற்றுக்கொண்டு, நாங்கள் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லி, அவர்களை ஒருமுறை சொல்ல வைத்தோம்.

ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு இன்னொன்றையும் பரிந்துரைக்கிறேன். பாலின்சார், பிரௌன் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தும் வாசித்ததன் பொருள் விளங்காத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்யப்பட்டது. அதிலிருந்து வந்த முறையில், ஒரு பத்தியை வாசித்தவுடன் அதைச் சுருக்கிச் சொல்லுதல், அதிலிருந்து கேள்வி எழுப்புதல், விளங்காததைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் முதலில் ஆசிரியர் செய்துகாட்டுகிறார்; பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியரின் இடத்தில் அமர்ந்து செய்கிறார்கள். நாங்கள் நான்கு பேர் குழுவில் நான்கு அட்டைகளாகக் கொடுத்தோம். ஓர் எச்சரிக்கை: அட்டையைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிவிட்டால் அது வெறும் சடங்காகிவிடும். சுருக்கிச் சொல்வது எப்படி என்பதை மட்டும் நான் மூன்று வாரங்கள் செய்துகாட்ட வேண்டியிருந்தது, ஏனெனில் பத்தியின் முதல் வரியை வாசிப்பதே சுருக்கம் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள்.

கேட்டவரின் பதில்: கடலோர ஆசிரியை

மூவருக்கும் நன்றி. இரண்டு வாரங்கள் செய்துபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வரிசை வாசிப்பை நிறுத்திவிட்டேன். சேர்ந்து வாசிக்கும்போது அந்த ஏழு பேரின் உதடுகளும் அசைவதை முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு ஆறு சொற்களைப் பழக்கினேன்: நெட், கட், எக்ஸ், சேஃப், சாண்ட், லைட். முட்டையை எடுத்துச் செல்ல வேண்டுமா விட வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்டுவிட்டு மேசைக்கு அடியில் விரல்விட்டு எண்ணினேன். ஐந்தாவது விரலில் யாராவது வாயைத் திறந்துவிட மாட்டார்களா என்று மனம் தவித்தது உண்மை. இணையாகப் பேசச் சொன்னதும் வகுப்பில் எழுந்த இரைச்சலைக் கேட்டுத் தலைமை ஆசிரியர் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வகுப்புக்குச் சொல்லும் நேரத்தில், பின்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து "ஐ திங்க் டேக். டாக் ஈட் எக்ஸ்" என்றாள். இன்னொருத்தி "ஐ டோன்ட் அக்ரீ" என்று சொல்லிவிட்டு, மணல் சூடு பற்றித் தமிழில் விளக்கினாள். அதை ஆங்கிலத்தில் கட்டித்தந்தேன்; அவள் திருப்பிச் சொன்னாள்.

உணவு வரிசையில் பேசிய அந்த மாணவன் முதல் நாள் எழவே இல்லை. மூன்றாம் நாள், வலையில் சிக்கிய ஆமையைப் பற்றிய கேள்வியை வைத்தேன். அவன் எழுந்து, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மை ஃபாதர் கட் நெட். டர்டில் கோ" என்றான். நான் அதைத் திருத்தாமல் அப்படியே கரும்பலகையில் எழுதினேன். என் கையில் சுண்ணக்கட்டி இருக்கும்போதே அவனுடைய நண்பன் பின்னாலிருந்து "ஒய் கட்?" என்று கேட்டான். இந்த வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான். இவன் திரும்பி, "பிகாஸ் டர்டில் நோ ஏர்" என்றான். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர், நீருக்கடியில் வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டி இறந்துவிடும் என்பதை நான் பாடத்தில் அழுத்திச் சொல்லியிருக்கவில்லை. அவன் அதைப் படகில் கற்றிருக்கிறான். கரும்பலகையில் இருந்த வாக்கியங்களை வகுப்பே சேர்ந்து கடைசி ஐந்து நிமிடத்தில் செப்பனிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏழு பேரில் இருவர் இணைப் பேச்சிலும் இன்னும் வாய் திறக்கவில்லை. கவிதைப் பாடத்துக்கு இப்படி ஒரு கேள்வி எனக்குக் கிடைக்கவும் இல்லை. மேலும், பாடத்துக்கு ஒதுக்கியதைவிட மூன்று பாடவேளைகள் கூடுதலாகச் செலவாகிவிட்டன. பாடப்பகுதியை முடிப்பதா, பேச விடுவதா என்ற கவலை இருக்கிறது.

பதில் 4: ஓய்வு பெற்ற ஆசிரியர் பயிற்றுநர்

"பிகாஸ் டர்டில் நோ ஏர்" என்ற வாக்கியத்தை நான் இருமுறை வாசித்தேன். காரணம் சொல்லும் சொல்லை அந்தப் பிள்ளை சரியான இடத்தில் போட்டிருக்கிறான். இலக்கணம் பின்னால் வரும்.

நேரத்தைப் பற்றி: ஒவ்வொரு பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பருவத்தில் இரண்டு பாடங்களைத் தேர்ந்து ஆழமாகச் செய்யுங்கள், மற்றவற்றில் ஒரே ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் போதும். பருவம் முழுவதும் வகுப்பிலேயே நாம் நடத்தும் வளரறி மதிப்பீட்டுக்குரிய 40 மதிப்பெண்களில் செயல்பாட்டுக்கான இடம் இருக்கிறது. தனியே வெட்டி ஒட்டும் படத்தொகுப்பு கேட்பதற்குப் பதிலாக இந்தக் கலந்துரையாடலையே செயல்பாடாக எடுத்துக்கொண்டு, பிள்ளை சொன்ன வாக்கியத்தைத் தேதியோடு குறித்துவையுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு வரி போதும்.

பேசாத அந்த இருவருக்கு, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகளைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகளே இருக்கும், பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கும், கட்டணமின்றி அச்சிட்டுக்கொள்ளலாம். அந்த இருவரையும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை வாசித்துக்காட்ட அனுப்புங்கள். நடுநிலைப்பள்ளியில் ஒரே வளாகத்தில் சிறு பிள்ளைகளும் இருப்பது பெரிய வசதி. வாசித்துக்காட்டப் போகிறோம் என்பதற்காக அவர்கள் நாலைந்து முறை பழகிக்கொள்வார்கள். கேட்கிறவர்கள் தங்களைவிடச் சின்னவர்கள் என்பதால் கூச்சமும் இருக்காது.

கவிதைக்கான கேள்வியை அடுத்த வாரம் யோசிப்போம். நீங்கள் எடுக்கப்போகும் கவிதையின் பாடுபொருளை மட்டும் இங்கே எழுதுங்கள்.